பக்கத்து இலையில் யார்? – வெளிச்சாப்பாட்டின் கதை



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் பல வீடுகளில் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு எங்கே சாப்பிடப் போகலாம்?" பிள்ளைகள் கைபேசியில் ஓர் உணவகத்தைத் தேடி எடுப்பார்கள். மஞ்சள் விளக்கு, மரப்பலகை மேசை, சுவரில் பழைய சைக்கிள், தண்ணீர் ஊற்ற மண்கூஜா. பட்டியலைத் திறந்தால் நெய் விட்ட பருப்பு சாதம், சுட்ட அப்பளத்தோடு ரசம் சாதம், மோர் மிளகாயோடு தயிர் சாதம், சின்ன வெங்காயத்தோடு பழைய சோறு. மேலே "கம்ஃபர்ட் ஃபுட்" என்று தலைப்பு. வீட்டுப் பெரியவர்கள் விலையைப் பார்த்துவிட்டு, "ரசம் சாதத்துக்கா இவ்வளவு?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்வி. வீட்டில் உடம்பு சரியில்லாத நாளில் செய்யும் சாப்பாட்டுக்கு நாம் ஏன் வெளியே போய்க் காத்திருக்கிறோம்? 1960-களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் புழங்கத் தொடங்கிய அந்த ஆங்கிலச் சொல், இன்று ஒரகடம் வரை எப்படி வந்தது? இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சாப்பாட்டின் வரலாற்றில் இலையில் என்ன விழுந்தது என்பது பாதிக் கதைதான். பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தார், யார் உட்கார விடப்படவில்லை என்பது மீதிப் பாதி.

நம் காலடியில் ஒரு ஜாடி

கதையை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். இந்தியத் தொல்லியல் துறை 2022-ல் நம் வடக்குப்பட்டில் அகழாய்வு செய்தது பலருக்கு நினைவிருக்கும். வேட்டையாடி வாழ்ந்த மனிதர்களின் கற்கருவிகள் கிடைத்தன. அவற்றுக்கு மேலடுக்கில் சங்க காலத்தைச் சேர்ந்த பொருள்கள், கண்ணாடி மணிகள். கூடவே ரோமானிய ஆம்போராவின் உடைந்த சில்லுகள். ஆம்போரா என்பது இரு காதுகளும் கூரான அடியும் கொண்ட உயரமான மண்ஜாடி. கப்பலில் சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்தது.

அந்த ஜாடியில் என்ன வரும்? புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே கிடைத்த ஆம்போரா ஓடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அவற்றில் திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீனை உப்பில் ஊறவைத்துச் செய்யும் ஒருவகைச் சாறு ஆகிய மூன்றும் வந்தன என்றார்கள். மதுவை உள்ளூர்க்காரர்களும் வாங்கியிருப்பார்கள். யவனர் கொண்டுவந்த மதுவைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆனால் ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும்? நல்லெண்ணெய் ஊரில் ஆலிவ் எண்ணெயை யார் தேடப் போகிறார்கள்? மேற்கிலிருந்து வந்து இங்கே தங்கியவர்களுக்காகவே அவை வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

கடல் கடந்து வேலைக்கோ வியாபாரத்துக்கோ வந்த ஒருவர், தன் ஊர்ச் சாப்பாட்டின் வாசனையை ஜாடியில் அடைத்து வரவழைத்திருக்கிறார். இன்று ஊறுகாய் பாட்டிலும் பருப்புப் பொடியும் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோமே, அதே காரியம்தான். வீட்டைவிட்டு வந்தவருக்குத்தான் வீட்டுச் சாப்பாடு என்று ஒன்று தனியாகத் தெரியும். வீட்டிலேயே இருப்பவருக்கு அது வெறும் சாப்பாடு.

பூவிருந்தவல்லியும் பெரும்புதூரும்

நம் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். அவர் காஞ்சிபுரத்தில் குடும்பத்தோடு வாழ்ந்த நாட்களைப் பற்றி வைணவ குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. பூவிருந்தவல்லிக்காரரான திருக்கச்சி நம்பி என்ற பெரியவரை இராமானுசர் குருவாக மதித்தார். நம்பி பிராமணர் அல்லர். அவரை வீட்டுக்கு அழைத்து, அவர் உண்டபின் மீந்ததைத் தான் உண்ண வேண்டும் என்று இராமானுசர் ஆசைப்பட்டார்.

நம்பி வந்தார். அந்த நேரம் இராமானுசர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி தஞ்சமாம்பாள் விருந்தினருக்குச் சாப்பாடு போட்டார். நம்பி போனபின் இலையை எறிந்து, மீந்ததை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைக்கத் தொடங்கினார். திரும்பி வந்த இராமானுசர் நடந்ததை அறிந்து மிகவும் வருந்தினார் என்கிறது கதை.

அந்த அம்மாளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தன் காலத்து வழக்கப்படி நடந்தார், அவ்வளவுதான். யார் சமைத்ததை யார் சாப்பிடலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்கு அன்று ஒவ்வொரு வீட்டிலும் விதி இருந்தது. அந்த விதி இருக்கும்வரை, முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கடை என்ற எண்ணமே எழ முடியாது. அதனால்தான் பிரயாணிகள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். வழியில் சத்திரங்கள் இருந்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ல் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் போன்றவை பெரிய தர்மங்கள். ஆனாலும் பொதுவாகச் சத்திரங்களில் சாதிக்கேற்பப் பந்தி பிரிந்தே இருந்தது.

ரயில் வந்தது, கிளப் வந்தது

1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆற்காடு திசையில் ஓடியது. ரயிலும், பிறகு வந்த அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் வங்கிகளும், ஊரில் சோறு போட ஆளிருந்த இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்குக் கொண்டுவந்தன. தனியறையில் தங்கிய அந்த குமாஸ்தாவுக்குக் காலை இட்லிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் இடம் வேண்டியிருந்தது. "காபி கிளப்" என்றும் "போஜன சாலை" என்றும் பெயர் வைத்துக் கடைகள் வந்தன.

இங்கே ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். அந்தக் காலத்து விதிப்படி பிராமணர் சமைத்ததை எல்லாச் சாதியாரும் சாப்பிடலாம். மற்றவர் சமைத்ததைப் பிராமணர் தொடமாட்டார். ஆகவே பிராமணச் சமையல்காரரை வைத்தால் வாடிக்கையாளர் வட்டம் பெரிதாகும். பெயர்ப்பலகைகளில் "பிராமணாள்" என்ற சொல் ஏறியதற்குப் பின்னால் ஆசாரம் இருந்தது. வியாபார நோக்கமும் சேர்ந்தே இருந்தது. கறி, மீன் கேட்டவர்களுக்குத் தனியே "மிலிட்டரி ஹோட்டல்" வந்தது.

உடுப்பி கிருஷ்ணர் மடத்துச் சமையல் மரபிலிருந்து வந்தவர்கள் இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கத்திலிருந்து வேலை தேடிச் சென்னை வந்து, சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கியவர். மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் நடத்தினார். 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். இட்லி, தோசை, சாம்பார் என்றால் இன்று நாம் ஹோட்டல் சுவை என்று நினைப்பதில் பெரும்பங்கு, இப்படி ஊர்விட்டு ஊர் வந்த சமையல்காரர்கள் போட்ட அடித்தளம்தான்.

பலகையில் இருந்த சொல்

வீட்டைவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கடைகள் ஆறுதல் தந்தன என்பது உண்மை. எல்லோருக்கும் தந்தனவா என்றால் இல்லை. பல ஹோட்டல்களில் பிராமணருக்குத் தனி அறை அல்லது தட்டி மறைவு இருந்தது. தலித் மக்களுக்கு உள்ளே நுழையவே அனுமதியில்லை. கிராமத்து டீக்கடையில் அவர்களுக்கு வெளியே தனிக் குவளை, சில இடங்களில் கொட்டாங்கச்சி. காசு ஒன்றுதான், டீயும் ஒன்றுதான். குடிக்கும் பாத்திரமும் நிற்கும் இடமும் வேறு.

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணருக்குத் தனி இடம், "இதராள்" எனப்பட்ட மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியாரும் அவர் இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததை அடுத்து 1941-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மதம், பாலினம் பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு நாட்டின் சாசனத்தில் ஹோட்டலைக் குறிப்பிட்டு எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வாசற்படி எவ்வளவு உயரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்கான தண்டனைச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தும் பலகைகள் சில இடங்களில் தொங்கின. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால், பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் தொடங்கினார். தினமும் தொண்டர்கள் போய்க் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த போராட்டத்துக்குப்பின் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. பெரியாரின் மற்றக் கருத்துகளில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமல் போகலாம். ஆனால் இன்று ஒரு கடைக்குள் நுழையும்போது நம்மிடம் யாரும் "நீங்கள் யார்?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி தானாக மறைந்துவிடவில்லை என்பதை நினைவில் வைப்பது நல்லது.

டிரைவ்-இன் முதல் அம்மா உணவகம் வரை

இந்தக் காலத்திலும் இதற்குப்பின்னும் சாப்பாட்டு இடங்கள் பலவிதமாகப் பெருகின. 1951-ல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஹோட்டல் வந்தது. 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணிக் கடை, அவர் கட்டிய தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்றது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கிய பிரம்மச்சாரிகளை நம்பி மெஸ்கள் நடந்தன. "வீட்டுச் சாப்பாடு" என்று எழுதி வைத்தாலே போதும், கூட்டம் வரும். இன்றைய "கம்ஃபர்ட் ஃபுட்" பலகைக்கு அதுதான் தாத்தா.

இன்றைய இளைஞர்கள் விரும்பும் சாவகாசமான உணவகத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1962-ல் கதீட்ரல் சாலையில் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரநிழலில் காரை நிறுத்தினால் சர்வர் வந்து கார்க் கதவில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். கார் இல்லாதவர்கள் உள்ளே ஒரு காபி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம். கல்லூரி மாணவர்கள், சினிமாக்காரர்கள், எழுத்தாளர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் எல்லோரும் அங்கே கூடினார்கள். 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடம் 2010-ல் செம்மொழிப் பூங்கா ஆனது. நம் குடியிருப்பில் சென்னையில் படித்த மூத்தவர்களிடம் அந்தக் கடையின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அரைமணி நேரம் பேசுவார்கள், அதில் தோசையைப் பற்றி ஐந்து நிமிடம்கூட இருக்காது. கூட உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் பேச்சு இருக்கும்.

தமிழர்கள் வெளியூர் போன இடங்களிலும் இதே கதைதான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் 1947-ல் கோமள விலாஸ் தொடங்கியது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறிய நம்மவர்களுக்கு அந்த இலைச் சாப்பாடு பாதி ஊர். 1981-ல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன், 2000-ல் துபாயில் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறந்தது. வேலைக்குப் போனவர்களின் பின்னாலேயே சாம்பாரும் போயிற்று.

2013-ல் தமிழக அரசு சென்னையில் அம்மா உணவகங்களைத் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சமைத்துப் பரிமாறுபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். சுமை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர், தனியாக வாழும் முதியவர் எல்லோரும் ஒரே உயரமான மேசையில் நின்று சாப்பிட்டார்கள். சமைத்தவர் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. 1957-ஐ நினைத்தால் இது சாதாரண மாற்றம் இல்லை.

கஞ்சியின் உறவினர்கள்

இப்போது நம் சாலைக்கு வருவோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். நம் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து பெண் பிள்ளைகள் வந்து விடுதிகளில் தங்கினார்கள். நாமும் அப்படி வந்தவர்கள்தான். நம் அடுக்குமாடியில் பரம்பரையாக இந்த மண்ணில் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் தெரியும்.

பின்னாலேயே சமையலறைகளும் வந்தன. கிம்ச்சி வைக்கும் கொரியக் கடை, ஆந்திரா மெஸ், ரொட்டியும் ஆலு சப்ஜியும் போடும் தாபா, சத்துமாவு விற்கும் பெட்டிக்கடை. மேலோட்டமாகப் பார்த்தால் இவற்றுக்குள் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும், "உடம்பு சரியில்லை என்றால், மனசு சரியில்லை என்றால் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒடிசாக்காரர் "பக்காளா" என்பார். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் ஊறவைத்து, தயிரோ எலுமிச்சையோ சேர்த்து, வறுத்த காய்கறியோடு சாப்பிடுவது. நம் பழைய சோறுதான்! ஒடிசாவில் மார்ச் 20-ஆம் தேதியைப் பக்காளா தினமாகவே கொண்டாடுகிறார்கள். கொரியர் "ஜுக்" என்பார், ஜப்பானியர் "ஒகாயு" என்பார். இரண்டும் அரிசியைக் குழைய வேகவைத்த கஞ்சி. அந்த நாடுகளிலும் காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். உலகமெங்கும் ஆங்கிலத்தில் இந்தப் பண்டத்துக்கு வழங்கும் "காஞ்சி" என்ற சொல்லே நம் "கஞ்சி"யிலிருந்து போனதுதான். ஒரே சாலையில் நாலு பாஷை பேசும் நாலு பேர், உடம்பு வாடினால் ஒரே சட்டியைத்தான் தேடுகிறார்கள்.

2021 டிசம்பர்

இந்த இடத்தில் மனம் வருந்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் சாலையின் சாப்பாட்டு வரலாற்றில் மிக முக்கியமான நாள் எந்த உணவகத்தின் திறப்பு விழாவும் இல்லை.

2021 டிசம்பர் மாத நடுவில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த பெண்களில் 250-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உடல்நலம் கெட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சரியான தகவல் கிடைக்காமல் தோழிகளைப் பற்றிய கவலையில் தவித்த பெண்கள், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது. அங்கே ஐபோன் வாங்கும் ஆப்பிள் நிறுவனமே, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

அந்தப் பெண்களில் பலருக்கு இருபது வயதுதான் இருக்கும். அவர்கள் நெய் விட்ட பருப்பு சாதம் கேட்கவில்லை. கெட்டுப்போகாத சாப்பாடும், மனிதர் தங்கக்கூடிய அறையும் கேட்டார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் இருக்க வேண்டும் என்றது. ஆனால் ஷிப்ட் முடிந்து பேருந்து ஏறிப் போனபின், விடுதியில் இரவு இலையில் என்ன விழுகிறது என்பதை அந்த உணவுக்கூடத்தால் பார்க்க முடியாது. அந்த இடைவெளியில்தான் இது நடந்தது.

நல்ல செய்தி என்னவென்றால், விஷயம் அங்கேயே நிற்கவில்லை. 2024 ஆகஸ்டில் நம் பக்கத்து வல்லம் வடகாலில், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் சிப்காட் பூங்காவில் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களின் குரலுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

நம் பங்கு

இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். "நாங்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரசம் சாதம் சாப்பிடப் போவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

தாராளமாகப் போங்கள், திருப்தியாகச் சாப்பிடுங்கள். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வரும் இல்லத்தரசிக்கு, வேறொருவர் செய்த ரசம் கிடைப்பதே ஓர் ஆறுதல்தான். "வீட்டுச் சாப்பாடு" என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பெண் அடுப்படியில் நின்றிருக்கிறாள் என்பதையும் மறக்க வேண்டாம். கடைக்குப் போனால் சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு அது. மஞ்சள் விளக்குக் கடைக்கும் விடுதிச் சமையலறைக்கும் அதே சட்டம்தான். அக்கம்பக்கத்து விடுதிகளில் தங்கும் பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது நம் வளாகத்துக்குள் இருக்கும் விஷயம். இன்று எந்த உணவக வாசலிலும் சாதிப் பலகை இல்லை. ஆனால் அடுக்குமாடி வாழ்க்கையில் பலகை இல்லாமலே சில வரிசைகள் உண்டாகிவிடுகின்றன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர். சாப்பாடு கொண்டுவரும் பையனுக்குத் தனி லிஃப்ட், தண்ணீர் கேட்கத் தயக்கம். காவலாளி தன் டிபன் பாக்ஸைத் திறக்க ஒரு நாற்காலி இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இதையெல்லாம் கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை. பழக்கம் அப்படி இழுத்துக்கொண்டு போகிறது. தஞ்சமாம்பாளும் பழக்கத்தின்படிதான் இடத்தைக் கழுவிவிட்டார்.

ஆகவே ஒரு யோசனையை உங்கள் முன் வைக்கிறேன். அடுக்குமாடிகளில் பொங்கலுக்கோ ஆண்டு விழாவுக்கோ பொது விருந்து போடும்போது, குடியிருப்போர் சாப்பிட்டு முடித்தபின் கடைசிப் பந்தியில் பணியாளர்கள் உட்காருவதுதான் வழக்கம். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும், அப்பளம் நமுத்திருக்கும். நம் வளாகத்தில் அடுத்த விருந்துக்கு அந்தக் கடைசிப் பந்தியை எடுத்துவிடலாம். காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், தோட்டக்காரர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் முதல் பந்தியிலேயே நம்மோடு கலந்து உட்காரட்டும். வாசலில் காவலுக்கு ஆள் வேண்டுமே என்பீர்கள். அந்த ஒரு மணி நேரம் நம்மில் நாலு பேர் முறைபோட்டு கேட்டில் நிற்கலாம்.

விருந்துப் பட்டியலையும் கொஞ்சம் மாற்றலாம். நம் தோட்டத்தில் வேலை செய்யும் ஒடிசாத் தம்பியிடம் பக்காளா செய்யச் சொல்லிக் கேட்போம். நம் வீட்டுப் பாட்டிமார் பழைய சோறும் மாவடுவும் கொண்டுவரட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த ஊருடையது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வோம்.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசலாம். கேட்டில் முதல் முறை நிற்க என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று பெயர் வேண்டும்.